ஹெர்ப்ஸ்ட் என்ற ஒரு சொல்லுக்காகத் திறந்த அகராதி

ஒரு ஜெர்மன் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பாட்டி, "ஹெர்ப்ஸ்டுக்கு ஆள் போதவில்லை" என்று புலம்புகிறாள். 'இலையுதிர்காலம்' என்று எழுதிப் பார்த்தேன். இலை உதிர எதற்கு ஆள்?

டி.டபிள்யூ.டி.எஸ். என்ற ஜெர்மன் இணைய அகராதியைத் திறந்தேன். பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகத்துடையது. காசும் கிடையாது, சொல் தேடப் பதிவும் வேண்டாம். பொருள், எடுத்துக்காட்டு, 1600 முதல் அந்தச் சொல் எவ்வளவு புழங்கியது என்ற வரைகோடு எல்லாம் உண்டு. கிரிம் சகோதரர்கள் 1838-இல் தொடங்கி, மற்றவர்கள் 1961-இல் முடித்த பேரகராதிக்கும் இங்கிருந்தே போகலாம்.

ஆனால் இதன் உயிர் சொற்பிறப்புப் பகுதிதான். வொல்ஃப்காங் ஃபைஃபர் குழுவினர் 1989-இல் வெளியிட்ட அகராதியிலிருந்து வளர்ந்தது அது. பழைய உயர் ஜெர்மனில் (இன்றைய ஜெர்மனின் முன்னோடி) ஹெர்பிஸ்ட், பழைய ஆங்கிலத்தில் ஹேர்ஃபெஸ்ட், டச்சில் ஹெர்ஃப்ஸ்ட், ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நோர்ஸில் ஹவுஸ்ட். எல்லாம் ஒரே குடும்பம். வேரின் பொருள் பறிப்பது, கொய்வது. லத்தீன் கார்பெரே (பறி), கிரேக்கக் கார்போஸ் (கனி) இரண்டும் இதற்கு உறவு. இலை எங்குமே வரவில்லை! பறிக்கும் கைதான் இருக்கிறது.

அப்புறம் நாள் முழுக்க இதே வேலையாகப் போனது. ஆங்கில ஹார்வெஸ்ட் ஒரு காலத்தில் பருவத்தின் பெயராகவே இருந்தது. பிரெஞ்சு வழியாக வந்த 'ஆட்டம்' (autumn) என்ற சொல் பருவத்தை எடுத்துக்கொள்ள, ஹார்வெஸ்டுக்கு அறுவடை மட்டும் மிஞ்சியது. டேனிஷிலும் இதே கதை: ஹெஸ்ட் இன்று அறுவடை, பருவத்துக்கோ 'பின்னாண்டு' என்ற பொருளில் வேறு சொல். ஜெர்மானியருக்கு இப்பருவத்தின் பெயரே தெரியாது என்று கி.பி. 98 வாக்கில் எழுதினார் ரோமானியரான டாசிட்டஸ். அதே ஜெர்மானிய மொழியில் பிராங்கியப் பேரரசர் சார்லமேன் மாதங்களுக்குப் பெயர் வைத்தபோது நவம்பர் 'ஹெர்பிஸ்ட் மாதம்' ஆனது. இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

ஒன்று சொல்ல வேண்டும்: எல்லாமே ஜெர்மனில்தான். 'ஏ.ஹெச்.டி.' என்றால் பழைய உயர் ஜெர்மன் என்பது போன்ற சுருக்கங்கள் பழக ஒரு வாரமாவது ஆகும். புதிதாக மொழி கற்பவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். மொழிபெயர்ப்பவர்கள் தினமும் திறந்தே வைத்திருக்கலாம்.

சரி, பாட்டி? தென்மேற்கு ஜெர்மனியின் திராட்சைத் தோட்டங்களில் ஹெர்ப்ஸ்ட் என்றால் இன்றும் திராட்சை அறுவடைதான். "பழம் பறிக்க ஆள் போதவில்லை" என்று திருத்தினேன். மூடுபனி வரும் பக்கத்தில் மட்டும் இலையுதிர்காலத்தை அப்படியே விட்டுவிட்டேன்.