ஹோல்காவோடு நான்கு வருடம்

பழைய ஹோல்கா 120N ஃபிலிம் கேமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கு வருடம் ஆகிறது, இதுவரை 41 ரோல் ஓட்டியிருக்கிறேன். உடம்பும் பிளாஸ்டிக், லென்ஸும் பிளாஸ்டிக், கையில் எடுத்தால் காலி டிபன் டப்பா கனம்தான். 1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் லீ டிங் மோ வடிவமைத்தது, சீனாவின் சாதாரணக் குடும்பங்கள் வாங்குகிற விலைக்கு.

லென்ஸுக்கு மேலே வெயில், மேகம் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். முதல் ஐந்தாறு ரோல் அதை நம்பி மாற்றி மாற்றித் தள்ளினேன். பல பழைய ஹோல்காக்களில் எந்தப் பக்கம் தள்ளினாலும் வெளிச்சம் நுழையும் துவாரம் மாறாது, ஏறக்குறைய எஃப்/13 என்ற ஒரே அளவுதான். ஷட்டரும் ஒரே வேகம், நொடியில் சுமார் நூறில் ஒரு பங்கு. அப்படியென்றால் ரோல் போடும்போதே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. நல்ல வெயிலுக்கு ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் அளவு) 100, நிழலுக்கும் மழைமூட்டத்துக்கும் 400, பொழுது சாய்ந்துவிட்டால் பையில் வைத்துவிடுவேன். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் வெளிச்சத்தைப் பார்க்கவே கற்றுக்கொண்டேன் என்று சொல்வேன்.

தூத்துக்குடி உப்பளத்தில் காலை ஒன்பது மணிக்கு எடுத்த ரோல் எனக்கு மிகவும் பிடித்தது. நடுவில் உப்பு வாரும் பலகை கூர்மையாக நிற்கிறது, ஓரத்துக்குப் போகப் போக உப்புக் குவியல் கரைந்து, மூலையில் இருட்டுகிறது. இந்த லென்ஸ் தருகிற அந்த இருட்டை ஃபோனில் ஃபில்டர் போட்டு எத்தனையோ முறை முயன்றும் எனக்கு வரவில்லை.

ஃபிலிமைச் சுற்றாமலே திரும்ப அழுத்தலாம், கேமரா தடுக்காது. ஒருமுறை சுற்ற மறந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சியின் மேலேயே உப்பளமும் பதிந்துவிட்டது. ஆச்சியின் வெள்ளைச் சேலை எங்கே முடிகிறது, உப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அந்தப் பிரிண்டை ஆச்சி கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

பின்மூடி இரண்டு கிளிப்பில்தான் நிற்கிறது, அதனால் ரோல் போட்டதும் சுற்றிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். எண் பார்க்கும் சிவப்பு ஜன்னலுக்கும் ஒரு துண்டு, சுற்றும்போது மட்டும் விலக்கினால் போதும். ஸ்பூல் தளர்ந்து சுற்றினால் ஓரத்தில் வெளிச்சம் ஏறும், தீப்பெட்டி அட்டையை மடித்து அதன் அடியில் செருகினால் இறுக்கமாக வரும்.

ஃபிலிம் விலைதான் கையைக் கடிக்கிறது. கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறேன். ஹெச்பி5 ஃபிலிம் என்றால் டி-76 டெவலப்பரைச் சரிபாதித் தண்ணீரில் கலந்து 20 டிகிரியில் 11 நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி வரும், பக்கெட்டில் ஐஸ் போட்டுத்தான் இறக்க வேண்டும்.

அப்புறம், பழையது வாங்கப் போகிறீர்களா? பின்மூடியைக் கழற்றி, உள்ளிருந்து லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டே அழுத்துங்கள், ஷட்டர் திறந்து மூடுவது தெரிய வேண்டும். அடியில் என், பி சுவிட்ச் என்-இல் இருக்கட்டும், பி-இல் கிடந்தால் அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும், படமெல்லாம் ஆடிப்போகும். ஜன்னலருகே உள்ள அம்பு 12-இலா 16-இலா (ஒரு ரோலில் எத்தனை படம் என்பது) என்றும் பாருங்கள், தவறினால் ஒரு படத்தின் மேல் இன்னொன்று ஏறிவிடும். படத்தின் அளவைத் தீர்மானிக்க உள்ளே பொருத்தும் சட்டமான மாஸ்க் தொலைந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். நான் மாஸ்க் இல்லாமலே சதுரமாக எடுக்கிறேன், மூலைகள் இன்னும் நன்றாகக் கறுக்கின்றன.