செம்பனைக்கு நடுவே வீட்டு இணையம்: 4ஜி ரௌட்டரும் ப்ரீபெய்டு சிம்மும் தேறுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டோ பீடோரோ பகாவோ, தோட்டப் பட்டணம் எதுவானாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். கடைவரிசைக்கும் புதுத் தாமானுக்கும் (குடியிருப்புக்கும்) ஃபைபர் வந்திருக்கும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, செம்பனைக்குள் (எண்ணெய்ப்பனைக்குள்) இருக்கும் தொழிலாளர் லயன் வீட்டுக்கு வந்திருக்காது. தோட்ட நிலம் கம்பெனிக்குச் சொந்தம் என்பதால் கம்பம் நடவும் கேபிள் இழுக்கவும் முதலில் நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். நாற்பது ஐம்பது வீட்டுக்காக அந்த வேலையில் இறங்க யாரும் அவசரப்படுவதில்லை. செப்புக் கம்பியில் ஓடிய ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவையின் காலமும் போய்விட்டது.

ஃபைபர் கிடைத்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், அதையே எடுங்கள். "உங்கள் இடத்தில் இல்லை" என்று பதில் வந்தால் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: லைனே வரவில்லையா, போர்ட் நிரம்பிவிட்டதா? கம்பத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து இத்தனை வீட்டுக்குத்தான் பிரிக்க முடியும் என்று கணக்கு உண்டு. நிரம்பியிருந்தால் காத்திருப்பில் அர்த்தம் இருக்கிறது. பெட்டி எண்ணைப் படம் எடுத்து விண்ணப்பத்தோடு அனுப்புங்கள். மேக்சிஸ், செல்கோம்டிஜி போன்ற நிறுவனங்கள் பல இடங்களில் டி.எம். (டெலிகோம் மலேசியா) இழுத்த லைனை வாடகைக்கு எடுத்தே சேவை தருகின்றன. அதனால் லைனே வராத இடத்தில் கடை மாற்றிக் கேட்டு அலைவதில் பெரும்பாலும் பயன் இல்லை.

இனி, இந்த விமர்சனத்தின் நாயகன்: சொந்தமாக வாங்கும், எந்த நிறுவனத்துக்கும் பூட்டப்படாத 4ஜி ரௌட்டர். எங்கள் தீர்ப்பு முன்கூட்டியே: டவர் கைகொடுக்கும் வீட்டில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் போதும், கைகொடுக்காத வீட்டில் எவ்வளவு விலை கொடுத்தும் வீண். எனவே ரௌட்டர் வாங்கும் முன் டவரைப் பார்க்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருப்பவர்களின் போனை வாங்கி, வாசலிலும் நடுக்கூடத்திலும் பின்கட்டிலும் அளந்து பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். செல்மேப்பர் போன்ற செயலியில் இரண்டு எண்கள் தெரியும். ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது சிக்னலின் பலம்: மைனஸ் 90-க்கு மேல் நல்லது, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110-க்குக் கீழே போனால் தொல்லை. எஸ்.ஐ.என்.ஆர். என்பது இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது: 13-க்கு மேல் இருந்தால் வீடியோ ஓடும், பூஜ்யத்தைத் தொட்டால் வாட்ஸ்அப் படமே சுற்றிக்கொண்டு நிற்கும். பலம் குறைந்து தெளிவு கூடிய லைன்தான், பலம் கூடி இரைச்சலும் கூடிய லைனைவிட மேல். முக்கியமாக, இந்தச் சோதனையை இரவு 8 முதல் 11 மணிக்குள் செய்யுங்கள். பகல் மூன்று மணிக்கு 40 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு மெகாபிட்) வேகம் காட்டும் டவர், ஊரே சாப்பிட்டுவிட்டு யூடியூப் திறக்கும் நேரத்தில் 3-க்கு இறங்கிவிடும். எந்த ரௌட்டரும் இதைச் சரிசெய்யாது.

அலைவரிசையையும் கவனியுங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் துளைக்கும். ஆனால் பாதை குறுகல், வேகம் குறைவு. 1800-தான் தோட்டப்புறத்துக்கு நடுநிலையானது. 2600 வேகமானது, ஆனால் செம்பனை ஓலையைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். மழையில் நனைந்த ஓலை இன்னும் மோசம். பழைய 3ஜி டாங்கிள் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போடுங்கள்: 2021 இறுதியோடு மலேசியாவில் 3ஜி மூடப்பட்டது.

ரௌட்டரில் கேட்4, கேட்6 (கேட் என்பது கேட்டகரி) என்று இரண்டு ரகம் அதிகம் கிடைக்கும். ஹுவாவே பி315 போன்ற கேட்4, ஒரே அலைவரிசையில் நின்று உச்சமாக 150 எம்.பி.பி.எஸ். தரும். பி525, டிபி-லிங்க் ஆர்ச்சர் எம்ஆர்600 போன்ற கேட்6, இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்து 300 வரை போகும். காகிதத்து வேகம் வீட்டுக்கு வராது என்றாலும், நெரிசல் நேரத்தில் இரண்டைச் சேர்ப்பது உண்மையிலேயே உதவுகிறது. பயன்படுத்தியதை வாங்கினால் இரண்டைக் கேளுங்கள்: சிம் பூட்டு எடுக்கப்பட்டதா, வெளி ஆன்டெனா செருகும் இரண்டு துளைகளும் நன்றாக இருக்கின்றனவா.

ஆன்டெனாவில்தான் பலர் காசை இழக்கிறார்கள். கடையில் ஆன்டெனாவோடு பத்து மீட்டர் மெல்லிய கேபிள் சேர்த்துத் தருவார்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி58 ரகக் கேபிள் மீட்டருக்கு முக்கால் டெசிபெல் அளவுக்குச் சிக்னலைத் தின்னும். பத்து மீட்டரில் ஏழெட்டு டெசிபெல் போய்விடும். சிக்னலை 9 டெசிபெல் கூட்டும் ஆன்டெனாவை இவ்வளவு பாடுபட்டுக் கூரையில் ஏற்றி, கீழே வந்து சேருவது ஒன்றோ இரண்டோ. கேபிளை இரண்டு மூன்று மீட்டருக்குள் வைத்து, ரௌட்டரையே கூரைக்கு அடியில் ஏற்றுங்கள். அங்கிருந்து கூடத்துக்கு ஈதர்நெட் கேபிள் இழுத்தால் 100 மீட்டர் வரை இழப்பு பற்றிக் கவலை இல்லை. ஆனால் தகரக் கூரையை ஒட்டி வைத்தால் மத்தியானச் சூட்டில் ரௌட்டர் தானே அணைந்து எழும். அரை மீட்டராவது காற்றோட்டம் விடுங்கள். ஆன்டெனா இரண்டு கேபிள் உள்ளதாக இருக்க வேண்டும். திசை பிடிக்க, 15 பாகை திருப்பி ஒரு நிமிடம் பொறுத்து எஸ்.ஐ.என்.ஆர். பாருங்கள், மறுபடி திருப்புங்கள். அவசரப்பட்டால் பழைய எண்ணையே பார்த்து ஏமாறுவீர்கள்.

சிம் திட்டத்தில் "அன்லிமிடெட்" என்ற சொல்லுக்கு அடியில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். போனில் மட்டும் எல்லையில்லை, ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கோட்டா என்றால் ரௌட்டரில் போட்டதும் சில நாளில் தீர்ந்துவிடும். யூடியூப் 720பி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.1 ஜி.பி. பிடிக்கும், தினமும் மூன்று மணி நேரம் என்றாலே மாதம் 100 ஜி.பி. வேகத்துக்கு உச்சவரம்பு வைத்த திட்டம் என்றால், 6 எம்.பி.பி.எஸ். நிலையாக வந்தால் பிள்ளையின் வகுப்பும் அம்மாவின் நாடகமும் ஒரே நேரத்தில் ஓடும். 3 என்றால் ஒன்றுதான். இன்னொன்று: இந்த லைன்களில் பெரும்பாலும் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேராக வீட்டுக்குள் வரும் இணைய முகவரி) கிடைக்காது, அதனால் போர்ட் திறந்து பார்க்கும் பழைய சிசிடிவி வெளியூரிலிருந்து தெரியாது. கிளவுட் வழி இயங்கும் கேமரா வேண்டும்.

ரௌட்டர் இலவசம் என்று 24 மாத ஒப்பந்தத்தோடு வரும் கம்பியில்லாத் திட்டங்கள், 5ஜி சிக்னல் வாசலிலேயே நிற்கும் பட்டண வீட்டுக்குச் சரி. தோட்டத்துக்குள் பரிந்துரைக்க மாட்டோம். டவர் நெரிசலானால் ப்ரீபெய்டுக்காரர் மறுநாளே வேறு சிம் போடுவார். ஒப்பந்தக்காரர் அபராதக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டவரே எட்டாத வீட்டுக்கு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம். 2023 ஜூலையில் இங்கே வந்தபோது மாதம் 220 வெள்ளி (ரிங்கிட்), கருவி 2,300 வெள்ளி. விலை அவ்வப்போது மாறுகிறது, வாங்கும் நாளில் பாருங்கள். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டுக்கு மேலே வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும், ஒரு தென்னை மட்டை குறுக்கே வந்தாலும் அடிக்கடி அறுபடும். சாயங்கால இடிமழையில் சில நிமிடம் காணாமல் போகும். 75 வாட் என்று கணக்கிட்டால் மாதம் 54 யூனிட் மின்சாரமும் சேரும்.

எதை மாட்டினாலும் இடி இடிக்கும்போது மின் செருகியையும் ஆன்டெனா கேபிளையும் சேர்த்தே கழற்றுங்கள். ஆன்டெனாவைத் தாங்கும் கூரைக் குழாய்க்கு எர்த் கம்பி இல்லாவிட்டால் ரௌட்டர் மட்டும் போகாது, ஈதர்நெட் வழியாக டிவியும் போகும். பணம் கட்டியும் லைன் வராவிட்டால் முதலில் நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள். அந்த எண்ணோடு போனால்தான் தொடர்பு பல்லூடக ஆணையத்தில் புகார் நகரும்.

கடைசியாகக் குழாய். மறுநடவு செய்த மேட்டுக்குப் பக்கத்து வீடு என்றால் இன்று பத்தடிக் குழாயிலேயே சிக்னல் பிரமாதமாக இருக்கும். கன்று மரமாகி ஓலை விரித்ததும் அதே டவர் மறைந்துவிடும். கடையில் ஜி.ஐ. குழாய் 20 அடியாகத்தான் வரும். பாதியாக வெட்டித் தரச் சொல்லாமல் முழுசாக வாங்கி வையுங்கள்.