"எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்று சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள்

என் தம்பிக்கு அரிவாள் செல் சோகை; இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய். காய்ச்சலும் முழங்காலுக்குக் கீழே வலியும் வந்து அந்தக் கிளினிக்குக்குப் போன முதல் நாளே அதைச் சொல்லிவிட்டேன். "இந்த நோய் உள்ளவர்களுக்கு இப்படி வலிப்பது வழக்கம்தான்" என்று வலி மாத்திரையும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் எழுதிக் கொடுத்தார் மருத்துவர். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனைக்கு, ஒரு துளி இரத்தம் எடுக்கவில்லை.

நான்காம் நாள் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். எலும்பில் தொற்று தொடங்கி 10, 14 நாட்கள் வரை எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம் என்று அவர் சொல்லவே இல்லை. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மாத்திரையை இரண்டு முறை மாற்றினார். மூன்றாம் வாரம் கால் பளபளவென்று வீங்கி, போர்வையின் ஓரம் பட்டால்கூட தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

பெரிய மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்த அன்றே எலும்புக்குள் சீழ் தெரிந்தது. ஊசியால் எலும்பிலிருந்தே மாதிரி எடுத்தார்கள். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருப்பதால் கல்ச்சரில் கிருமி வளராமலும் போகலாம் என்று எச்சரித்தார்கள். நல்லவேளை, வளர்ந்தது. சால்மோனெல்லா. சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படாத வகை. அறுவை செய்து சீழை அகற்றி, ஆறு வாரம் நரம்பு வழியாக செஃப்ட்ரியாக்சோன் ஏற்றினார்கள்.

குடலில் புகும் இந்தக் கிருமி இரத்தத்தில் கலந்து எலும்பில் தங்குவது மற்றவர்களுக்கு அபூர்வம். அரிவாள் செல் உள்ளவர்களிடம் எலும்புத் தொற்று என்றாலே முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் ஒன்று இது. மருத்துவ மாணவர்களின் பாடத்திலேயே இருக்கிறது. என்னால் ஆற்றிக்கொள்ள முடியாதது இதைத்தான்.

உங்கள் வீட்டில் இந்த நோய் உள்ளவர்கள் இருந்தால், காய்ச்சலோடு ஒரே இடத்தில் வலி நீடிக்கும்போது, ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே இரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். சிகிச்சை அதனால் தாமதமாகாது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற பட்டியலையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வலி அடங்கவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள்.

அறிக்கையோடு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். "அன்று எக்ஸ்ரே சரியாகத்தானே இருந்தது?" என்றார் மருத்துவர். முதல் நாள் சீட்டை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். மேல் வரியில் அவருடைய கையெழுத்திலேயே 'அரிவாள் செல்' என்று இருந்தது.