நாகூரிலிருந்து நிஷாபூர் கிண்ணம் பார்க்க: மெட் மியூசியம் இணையதளம்

நான் நாகூரில் போர்டு எழுதுகிறவன். கடைகளுக்குத் தமிழ், பள்ளிவாசல்களுக்கு அரபி. ஃபிளெக்ஸ் வந்தபிறகு வேலை குறைந்தது. எழுத்தைக் கண்டால் நின்று பார்க்கிற பழக்கம் போகவில்லை. எழுத்தை நேசிக்கிற எல்லோருக்கும் நான் சொல்லும் இடம், நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தின் இணையதளம்.

பதிப்புரிமைக் காலம் முடிந்த பொருட்களின் படங்களை யாரும் எதற்கும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2017இல் திறந்துவிட்டார்கள். அப்போதே சுமார் 3,75,000 படங்கள். முதலில் பார்க்க வேண்டியது 65.106.2 என்ற எண்ணுள்ள கிண்ணம். தேடும் பெட்டியில் அந்த எண்ணைப் போடுங்கள்.

10ஆம் நூற்றாண்டு, கிழக்கு ஈரானின் நிஷாபூர். அகலம் 45.7 செ.மீ., அதாவது ஒன்றரை அடி. நம் கல்யாண வீட்டில் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டுக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைப் பரப்பு, உள்சுவரைச் சுற்றி ஒரே வரி கூஃபி எழுத்து, அதாவது கோணமும் நேர்கோடுமாக எழுதும் பழைய அரபி எழுத்து. செயலில் இறங்குமுன் திட்டமிட்டால் பிறகு வருந்த வேண்டியதில்லை என்பது அதன் பொருள். கூடவே செழிப்புக்கும் அமைதிக்கும் ஒரு வாழ்த்து. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான். மதரஸாவில் ஓதின எனக்கே இந்தப் பழைய எழுத்தைக் கூட்டிப் படிக்க முடியவில்லை. பொருளை அந்தப் பக்கத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். சாப்பாடு குறையக் குறைய இந்த வரி கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

வட்டத்தில் எழுதும் சிரமம் தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். கடைசி வார்த்தைக்கு இடம் பத்தாமல் நெருக்குவோம். இடம் மிஞ்சினால் ஒரு பூவைப் போட்டு மூடுவோம். இந்தக் கிண்ணத்தில் எழுதியவர் படுக்கைக் கோடுகளை வேண்டிய மட்டும் இழுத்து வரியை நிரவியிருக்கிறார். நெட்டுக் கோடுகள் கிண்ணத்தின் நடுவைப் பார்த்து நிற்கின்றன. நடுவில் பெரும்பகுதி வெறும் வெள்ளை. அதை நிரப்பாமல் விட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

படத்தைப் பெரிதாக்கி எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். கசிவே இல்லை. மேலே பூசிச் சுடும் ஈயம் கலந்த கண்ணாடி மெருகுக்கு அடியில் வெறும் சாயத்தால் எழுதினால் சூளையில் இளகி ஓடிவிடும். அந்த ஊர்க் குயவர்கள் சாயத்தைக் களிமண் குழம்பில் கலந்து எழுதினார்கள். எழுத்து போட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. எனாமல் பெயிண்ட் ஒழுகாமல் இருக்க நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம், ஈரானின் காஷான் ஊரில் செய்த, சுவரில் பதிக்கும் 13ஆம் நூற்றாண்டு நட்சத்திர வடிவ ஓடுகளையும் பாருங்கள். வெள்ளி, செம்புக் கலவையால் வரைந்து, காற்றைக் குறைத்து இன்னொரு தடவை சுட்டதால் வந்த உலோக மினுக்கம் அது. படத்தில் பாதிதான் தெரியும். கையில் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டிய சாமான். கிண்ணத்துக்கு அந்தக் குறை இல்லை.

படத்தை இறக்கி பிரிண்ட் போட்டு மாட்டுவதாக இருந்தால், கலரில் கை வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு கடையில் எனக்குப் பின்னணியைப் பளிச்சென்று வெளுத்துக் கொடுத்துவிட்டார்கள். கிண்ணத்தின் வெள்ளையில் லேசாக மஞ்சள் ஓடும். அது போனால் எழுத்து வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. பளபளப்புத் தாளைவிட மேட் தாள் நல்லது.