பாக்கெட் மாவா, வீட்டு மாவா?

இட்லி, தோசைக்குக் கடையில் வாங்கும் பாக்கெட் மாவில் மிச்சமாவது நேரம். மிஞ்சுவது உறை. மாவு ஒட்டிய மெல்லிய உறையைப் பழைய பேப்பர்காரர் தொடக்கூட மாட்டார். அது நேராகக் குப்பைக்குத்தான் போகும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் புளிப்பது முழுசாக நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். வெளியே வைத்தால் உறை பலூன் மாதிரி உப்பும்.

வீட்டு மாவுக்கு 4 பங்கு இட்லி அரிசி, 1 பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போதும். 4 மணி நேரம் ஊறவைத்து அரைத்து, 8 முதல் 12 மணி நேரம் விட்டால் பொங்கிவிடும். உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் பாக்டீரியாக்களே புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன; உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்துவைக்கிறது. உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்டச் சொல்வது இதற்காகத்தான். புளிப்பு எவ்வளவு என்பதும் நம் கையில். மூன்றாம் நாள் ஊத்தப்பத்துக்கு இதை மிஞ்ச முடியாது!

ஆனால் அரிசியும் உளுந்தும் பிளாஸ்டிக் பையில் வந்தால் லாபம் பாதிதான். துணிப்பையோடு போய்ச் சில்லறையாக வாங்கலாம்.

என் ஓட்டு வீட்டு மாவுக்கு. கிரைண்டர் இல்லாதவர்கள், தெருமுனைக் கடையில் தூக்குவாளியில் ஊற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.