ஹோமரின் நிழல் உலகமும் ஹிப்போனியன் தங்கத் தகடும்

செத்த பிறகு என்ன ஆகும்? பண்டைய கிரேக்கர்கள் இதற்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை.

பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிஸி காவியத்தில், 11ஆம் காண்டத்தில், செத்தவர்கள் போகும் ஹேடீஸ் வெறும் நிழல்களின் உலகம். காவிய நாயகன் ஒடிசியஸ் உயிரோடே அங்கே போய், குழி வெட்டி ஆட்டு ரத்தம் விடுகிறான். அதைக் குடித்த பிறகுதான் செத்துப்போன தாய்க்கு மகனையே அடையாளம் தெரிகிறது. கட்டிப்பிடிக்க மூன்று முறை போகிறான். மூன்று முறையும் கைக்குள் அகப்படாமல் நழுவிவிடுகிறாள். அந்த இடத்தைப் படித்துவிட்டு சட்டென்று பக்கத்தைத் திருப்ப என்னால் முடிந்ததே இல்லை. அங்கே ட்ராய் போரின் மாவீரன் அக்கிலீஸுக்கும் நிம்மதி கிடையாது. செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழையிடம் கூலிக்கு இருப்பதே மேல் என்கிறான்.

சரி, இன்னொரு பக்கம். தெற்கு இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறிய ஹிப்போனியனில், 1969இல் ஒரு பெண்ணின் கல்லறையில் சின்னத் தங்கத் தகடு கிடைத்தது. காலம் சுமார் கி.மு. 400. செத்தவளுக்கு வழி சொல்லும் சீட்டு அது: வலப்பக்கம் வெள்ளை சைப்ரஸ் மரத்தடியில் ஊற்று இருக்கும், கிட்டே போகாதே. அப்புறம் நினைவின் ஏரி வரும். அதன் காவலர்கள் கேட்டால், 'பூமிக்கும் விண்மீன் வானுக்கும் பிறந்த பிள்ளை நான், தாகத்தால் சாகிறேன்' என்று சொல். ஏரித் தண்ணீர் தருவார்கள், ரகசியச் சடங்குகளில் தீட்சை பெற்றவர்கள் நடக்கும் புனிதப் பாதையில் நீயும் போவாய்.

ஹோமரிடம் நினைவு திரும்ப, உயிரோடிருப்பவன் ரத்தம் ஊற்ற வேண்டும். தகட்டில் செத்தவளே கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். ஆனால் தீட்சை பெறாதவர்களுக்கு அந்தத் தகட்டில் ஒரு வரிகூட இல்லை. இழந்தவனின் வலிக்கு எனக்கு ஹோமர்தான். பயத்தோடு சாகக் கிடந்தவளுக்கு, அந்தத் தகடு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்!