டிவி மூலையில் பச்சை, ஊதா திட்டா? 'பிக்சர் டியூப் போச்சு' என்று சொன்னால் உடனே பணம் கொடுக்காதீர்கள்

உங்கள் ஊரில் பழைய டியூப் டிவியை வைத்துக்கொண்டு பெரியவர்கள் யாராவது இருந்தால் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் என் சித்தியிடம் பிக்சர் டியூபை மாற்றிவிட்டதாகச் சொல்லி ஒரு மெக்கானிக் 3,800 ரூபாய் வாங்கியிருக்கிறார். டியூபை அவர் மாற்றவே இல்லை. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. சித்திக்கு வருமானம் என்றால் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைதான். மூன்று மாதப் பணத்துக்கும் மேலே போய்விட்டது.

நடந்தது இது. பேரன் ஒரு வூஃபர் செட் வாங்கி வந்து டிவி பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறான். கொஞ்ச நாளில் திரையின் வலது மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழுந்துவிட்டது. செய்தி வாசிக்கிறவர் அந்தப் பக்கம் வந்தால் முகம் பாதி பச்சை. மற்ற இடமெல்லாம் படம் பளிச்சென்றுதான் இருந்தது. பஜாரில் உள்ள ஒரு கடையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, "பிக்சர் டியூப் அவுட்டும்மா. இனி மாத்தினாத்தான் உண்டு, செகண்ட் ஹேண்ட் டியூப் ஒண்ணு கடையில இருக்கு" என்று சொல்லி செட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வந்தபோது கலர் சுத்தமாக இருந்தது. சித்தியும் பணத்தைக் கொடுத்துவிட்டார். பில் கேட்டதற்கு, "நம்ம கடைதானம்மா, எங்க போயிரப் போறோம்" என்று பதில்.

வூஃபர் பழைய இடத்திலேயே இருந்தது. அதனால் திட்டு மறுபடி வந்தது. இந்த முறை "போர்டு ஃபால்ட்" என்று இன்னும் 1,500 கேட்டிருக்கிறார். அப்போதுதான் எனக்கு போன் வந்தது. "எய்யா, டியூபு மாத்தியும் மூலையில ஊதா அடிக்கு, நீ வரும்போது கொஞ்சம் பாரு" என்றார்.

பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். திரையின் கீழ்ப்பக்கம், பேரன் சின்ன வயதில் ஆணியால் கிழித்த கோடு அப்படியே இருக்கிறது. இதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. டியூப் டிவியில் நாம் பார்க்கும் கண்ணாடி தனியாகப் பொருத்திய மூடி இல்லை, பிக்சர் டியூபின் முகப்பே அதுதான். டியூபை மாற்றினால் கண்ணாடியும் மாறும், அந்தக் கீறலும் போயிருக்க வேண்டும். கீறல் இருக்கிறது என்றால் பழைய டியூபேதான் இருக்கிறது.

அப்படியானால் கடையில் கலர் எப்படிச் சரியானது? கலர் டியூபின் பின்பக்கத்திலிருந்து சிவப்பு, பச்சை, நீலத்துக்கென்று மூன்று எலக்ட்ரான் கற்றைகள் வருகின்றன. கண்ணாடிக்குச் சற்று உள்ளே சல்லடை போல ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கும். ஒவ்வொரு கற்றையும் தன் நிறப் புள்ளியில் மட்டும் விழும்படி பார்த்துக்கொள்வது அந்தத் தகடு. ஸ்பீக்கரின் காந்தம் பக்கத்திலேயே இருந்தால் கற்றை வளைந்து அடுத்த நிறப் புள்ளியில் விழும். நாளாக ஆக அந்தத் தகடும் காந்தம் ஏறிவிடும். பிறகு ஸ்பீக்கரை எடுத்தாலும் திட்டு உடனே போகாது. காந்தத்தை இறக்கினால் போதும், டியூபுக்கு ஒன்றும் ஆவதில்லை. மெக்கானிக்குகளிடம் அதற்கென்றே டீகாஸ் காயில் என்று மின்சாரத்தில் வேலை செய்யும் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. திரைக்கு முன்னால் அதை வட்டமாகச் சுற்றி, மெதுவாகப் பின்னால் கொண்டுபோய், தூரத்தில் வைத்து அணைப்பார்கள். சில நிமிட வேலை. நேர்மையான மெக்கானிக் என்றால் வந்துபோன கூலியோடு முடித்துக்கொள்வார். அந்த வேலையைச் செய்துவிட்டு டியூப் விலையை வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். வூஃபர், ஸ்டெபிலைசர், அலாரம் கடிகாரம் எல்லாவற்றையும் டிவியை விட்டு நாலைந்து அடி தள்ளி வைத்தேன். டிவியை ரிமோட்டில் அணைக்காமல், செட்டில் உள்ள மெயின் சுவிட்சை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டேன். பிறகு போட்டபோது உள்ளேயிருந்து 'டும்' என்று ஒரு சத்தம். டியூபைச் சுற்றியே ஒரு டீகாஸ் காயில் உண்டு. செட்டைப் போட்டதும் அதில் மின்சாரம் வேகமாகப் பாய்ந்து, ஓரிரு நொடியில் தானாக அடங்கி, தகட்டின் காந்தத்தை இறக்கிவிடும். மின்சாரத்தை அப்படி அடக்குவது பாசிஸ்டர் என்ற சிறிய பாகம். அது நன்றாக ஆறினால்தான் அடுத்த முறை வேலை செய்யும். அதனால் உடனுக்குடன் அணைத்துப் போடுவதில் பலன் இல்லை. நிறைய வீடுகளில் ரிமோட்டில் மட்டும் அணைத்து, சிவப்பு விளக்கு எரிய விட்டுவிடுகிறார்கள். பல செட்டுகளில் அப்படி விட்டால் இந்தக் காயில் வேலையே செய்யாது.

முதல் தடவையில் திட்டு வெளிறியது. அன்றைக்கே இடைவெளி விட்டு விட்டு இன்னும் சில தடவை செய்ததும் முழுதாகப் போய்விட்டது.

'டும்' சத்தமே வராமல் திட்டும் போகாமல் இருந்தால் பாசிஸ்டர் போயிருக்கலாம். அது மலிவான பாகம்தான், மெக்கானிக்கை வைத்து மாற்றிக்கொள்ளலாம். செட் கீழே விழுந்த பிறகு திட்டு வந்தது என்றால் கதை வேறு. உள்ளே தகடு நெளிந்திருக்கலாம், அல்லது டியூபின் பின்னால் கற்றைகளைத் திருப்பிவிடும் யோக் என்ற கம்பிச்சுருள் நகர்ந்திருக்கலாம். டியூப் உண்மையிலேயே பலவீனமாகிவிட்டால் மூலையில் மட்டும் திட்டு விழாது. படம் முழுக்க மங்கும், போட்டு வெகு நேரம் கழித்துத் தெளியும், அல்லது ஒரு நிறம் திரை முழுவதும் குறைந்துவிடும்.

தயவுசெய்து பின்பக்க மூடியை நீங்களே கழற்றாதீர்கள். கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூபில் தங்கியிருக்கும். காந்தத்தைக் கையில் எடுத்துத் திரையில் தேய்த்தால் போய்விடும் என்று சொல்கிறவர்களையும் கேட்காதீர்கள். வலுவான காந்தம் அந்தத் தகட்டை நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும்.

கடைக்குப் போய் அந்தக் கீறலின் போட்டோவைக் காட்டி, கழற்றிய பழைய டியூபைக் கொடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் காயலான் கடைக்குப் போட்டாச்சு" என்றார். கண்ணாடி எப்படி மாறாமல் இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில் 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மீதி இன்னும் வரவில்லை. பில் இல்லாததைத்தான் அவர் பலமாக நினைத்துப் பேசினார். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்குப் பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் தமிழிலும் பேசலாம். சித்தி பெயரில் புகாரைப் பதிந்திருக்கிறோம்.

2006க்குப் பிறகு அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவிகூட இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவையும் டியூப் செட்டுகள்தான். எந்த செட்டாக இருந்தாலும் கடைக்குக் கொடுக்கும் முன் திரையைப் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து வையுங்கள், கீறல் இருந்தால் அது தெரியும்படி. டியூபின் பின்புறம் எண் ஒட்டியிருக்கும், கடைக்காரர் திறக்கும்போது அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாற்றினேன் என்று சொன்னால் பழைய டியூபைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.